படலைச் சாய்த்த ஆடுகள்

வெள்ளத்துக்குத் தப்பி ஆற்றை நீந்தி வந்த ஆடுகளை, இக்கரை ஊர்க்காரர்கள் ஒரு பட்டியில் அடைத்தார்கள். "நாலு நாள்தான், தண்ணி வடியட்டும்" என்றது காவல் நாய். தண்ணி வடிந்தது. வேலிக்கு ஊன்றிய கிளுவைக் குச்சியெல்லாம் வேர் பிடித்து மரமாகிவிட்டது. நாய்க்குப் பல்லும் விழுந்தது. பட்டி மட்டும் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்தால் நாய் வந்து தலை எண்ணும். "வந்த ஆடெல்லாம் வரிசையா நில்லுங்க!"

செவலை என்ற பெட்டையாடு அந்தப் பட்டியிலேயே பிறந்தது. அதன் தாயும் அங்கே பிறந்ததுதான். இப்போது செவலை நிறைசினை.

"ஏண்ணே, நான் எங்கேயிருந்து வந்தேன்?" என்று ஒருநாள் நாயிடம் கேட்டது.

"அக்கரையிலிருந்துதான்."

"அக்கரை எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதே!"

"தழை போடுறோம்ல தாயி, பேசாம நில்லு."

"தழை உங்களோடது. வயித்துல இருக்கிற குட்டி என்னோடது. அது இந்த வேலிக்குள்ள விழாது."

மறுநாள் மத்தியானம் செவலைக்கு வலி கண்டது. அது எழுந்து போய் வாசல் படலை முட்டியது. படல் அசையவில்லை. கிழட்டுக் கிடா ஒன்று முனகிக்கொண்டே வந்து கூட நின்று முட்டியது. அப்புறம் பட்டியே திரண்டு முட்டியது. படல் சாய்ந்தது.

சாயங்காலம் நாய் வந்து பார்த்தால், வெட்டவெளியில் ஈரம் காயாத குட்டி ஒன்று நிற்கிறது. சுற்றிலும் ஆடுகள்.

"சரி சரி, இதையும் சேர்த்து எண்ணிக்கிறேன். எல்லாரும் உள்ளே போங்க."

செவலை குட்டியை நக்கிக்கொண்டே சொன்னது: "இது எங்கேயிருந்தும் வரலைண்ணே. உங்க ஊர்லதான் பிறந்திருக்கு. எண்ணித்தான் ஆகணும்னா இங்கேயே எண்ணிக்குங்க. நாங்க நகர மாட்டோம்."