இருபத்தெட்டாவது பிழை

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், அவர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவர். அங்கே முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் பிழையார்.

பழைய இலக்கணப்படி, பிழையார் என்றால் பிழைக்க மாட்டார் என்றும் பொருள் வரும். அது இன்று காலையில்தான் மண்டையில் உறைத்தது.

பதினொரு மணிக்கு ஆபரேஷன்.

இரண்டு வருடத்துக்கு முன் வயிற்றில் துளை போட்டு, குடலின் நுனியை வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். அந்த நுனிக்கு ஸ்டோமா என்று பெயர். இப்போது அது வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டது; பை கசிகிறது. அதுவும் நாலு பேர் கூடும் இடமாகப் பார்த்துத்தான் கசியும். அதைத்தான் மறுபடி வெட்டிச் சரிசெய்யப் போகிறார்கள்.

முதல் முறை அவசர கேஸ். நினைவில்லாமல் கிடந்தார், பயப்பட நேரம் கிடைக்கவில்லை. கையெழுத்துகூட மனைவிதான் போட்டாள். இந்த முறை மூன்று வாரம் முன்பே தேதி கொடுத்து, நிதானமாகப் பயப்பட எல்லா வசதியும் செய்து தந்திருந்தார்கள்.

வசதியை அவர் வீணாக்கவில்லை. மயக்கம் கொடுத்தபின் கண் திறக்காமலே போய்விட்டால் என்ற ஒன்றையே மூன்று வாரமும் நினைத்து நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்தார். வாயால் மட்டும் சொல்லவில்லை.

படிவத்தை அடித்த புண்ணியவானுக்குச் சின்ன ர எது, பெரிய ற எது என்று கடைசிவரை பிடிபடவில்லை. அருவைச் சிகிச்சை. மயக்க மறுந்து. ஸ்டோமா மறுசீறமைப்பு.

சீறத்தான் செய்கிறது, அதையாவது ஒப்புக்கொண்டார்களே என்று நினைத்தபடி அதையும் சிவப்பில் சுழித்தார்.

பேனா பிடித்திருக்கும்வரை கை நடுங்கவில்லை. கீழே வைத்தால் நடுங்கியது. அதனால் வைக்கவில்லை.

நர்ஸ் மூன்றாவது முறையாக வந்து நின்றார். “சார், கையெழுத்து மட்டும் போட்டா போதும். தியேட்டர்ல காத்துக்கிட்டிருக்காங்க.”

“இருபத்தேழு பிழைம்மா. அடிக்கிறதுலயே இவ்வளவு கவனம்னா, தைக்கிறதுல எவ்வளவு இருக்கும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.”

புதுப் பைகளின் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ர, ற விஷயத்தில் அவளுக்கும் தாராள மனசு. கடைச் சீட்டில் கயிரு என்று எழுதுவாள். அவர் அதைச் சிவப்பில் திருத்தித்தான் கடைக்காரரிடம் நீட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் வாங்கி, நர்ஸிடம் தராமல் புரட்டினாள்.

நான்காம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

‘மிக அரிதாக இரப்பு நேரலாம்.’

அந்த வரியில் மட்டும் சிவப்பு மை படவில்லை.

பெரிய ற போட்டால்தான் அது சாவு. சின்ன ர போட்டால் வெறும் பிச்சை. பிச்சை நேர்ந்தால் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான், முப்பது வருடப் புரூஃப் ரீடர் அந்த வரியைக் கண்டும் காணாமல் தாண்டிப் போயிருந்தார்.

மாட்டிக்கொண்டது தெரிந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் படிவத்தை நர்ஸிடம் கொடுத்தாள். பிறகு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். நடுங்க ஆரம்பித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“போன தடவை நான் கையெழுத்துப் போட்டப்பவும் அது அப்படித்தாங்க இருந்துச்சு. நானும் திருத்தல.”