ஓரம் போ நோவே

அவள் பதில் சொல்லவில்லை.

பங்குச்சாமி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் புருஷன் தொம்மைக்கு நற்கருணை கொடுக்க வந்தவர். வந்தது வந்தோம், மாதா பிரார்த்தனையையும் சொல்லிவிட்டுப் போகலாமென்று தொடங்கியிருந்தார். அதுவும் லத்தீனில்.

மறுபடி சொன்னார்.

"சாலுஸ் இன்ஃபிர்மோரும்."

நோயாளிகளின் ஆரோக்கியமே என்று அர்த்தம். அதற்கு 'ஓரா புரோ நோபிஸ்' என்று பதில் வர வேண்டும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். போன ஞாயிறு பிரசங்கத்தில் அவரே சொல்லிக்கொடுத்ததுதான்.

பாவம், ரோமாபுரி வரை போய்ப் படித்துவிட்டு வந்த மனிதர். எந்தக் காலத்துப் பாதிரியாரிடம் அந்த லத்தீனைக் காதில் வாங்கியதோ, அந்தக் கடற்கரை முழுக்க ஒரே குரலில் 'ஓரம் போ நோவே' என்று பாடியதைக் கேட்டு அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது.

ஊர் அன்றைக்கே திருந்திவிட்டது. சாமி சொல்லுக்கு மறுசொல் உண்டா?

அவளும் திருந்தினாள். அங்கேதான் வந்தது வினை.

தொம்மை கட்டிலில் மல்லாந்து கிடந்தான். வள்ளத்தில் வழுக்கி விழுந்து இன்றோடு பன்னிரண்டு நாள். எலும்பு முறியவில்லை, ஆனால் புரண்டு புரண்டு படுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். காற்றுக் கடலில் வள்ளம் விடுகிறவன், கட்டிலில் புரளப் பயந்தான். தொட்டாலே கத்தினான்.

காலையில் துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முதுகில் ஓரிடம் கொதகொதவென்று இருந்தது.

அந்த ஞாயிறு வரைக்கும், மாலையானால் அவன் இடுப்பில் கை வைத்து அதட்டுவாள். ஓரம் போ நோவே. ஓரம் போ நோவே. கருவாட்டில் வாய் வைக்க வரும் நாயை விரட்டுகிற மாதிரி. நோவும் கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தது.

இப்போது அதே இடத்தில் கை வைத்து ஓரா புரோ நோபிஸ் என்கிறாள். கை ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது.

"என்னம்மா, மறந்துட்டீங்களா?"

"மறக்கல சாமி."



"நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும். ஆனா அதுல நோவு இல்லியே சாமி. நான் எதைப் போகச் சொல்ல?"



சாமி புத்தகத்தைப் பார்த்தார். தொம்மையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

"சாலுஸ் இன்ஃபிர்மோரும்."

பதிலையும் அவரே சொன்னார். மெதுவாக, பழகாத நாக்கோடு.

"ஓரம் போ நோவே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. புருஷன் இடுப்பில் கையை வைத்தாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"ஓரம் போ நோவே!"

சாமியும் கூடச் சொன்னார். மூன்றாம் தடவை, வெளியே மீன் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கித்தேரியும் சேர்ந்துகொண்டாள்.

தொம்மை பல்லைக் கடித்தான்.

கட்டில் கிறீச்சிட்டது.

அவன் சுவர்ப்பக்கமாக ஒரு முழம் நகர்ந்து, ஒருக்களித்துப் படுத்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. காலியான இடத்தைக் கையால் தட்டிக் காட்டினான்.

"உக்காருங்க சாமி. எம்புட்டு நேரந்தான் நிப்பீய?"