அலை எழுப்பும் படகு

எலூண்டா விரிகுடா இன்று கண்ணாடிபோல அசையாமல் கிடக்கிறது. இப்படிக் கிடந்தால் கடல்விமானத்தைத் தண்ணீரில் இறக்கும் விமானிக்குத் தண்ணீர்மட்டம் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் ஸ்ட்ராதிஸ் தன் மோட்டார் படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டி அலை எழுப்புகிறான். கடல்விமானம் காலை பதினொரு மணிக்கே இறங்கியிருக்க வேண்டும். இப்போது வெயில் மலையில் சாய்கிறது. பயணிகளுக்காகப் பிழிந்து வைத்த ஆரஞ்சுச் சாற்றில் எறும்புகள் மிதக்கின்றன. அந்த விமானத்தில் உணவு பரிமாறுபவனின் மனைவி ஆர்கிரோ, படகுத்துறையின் விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். அவள் இருப்பதை மறந்து துறை அதிகாரி கத்துகிறார்: "போதும், கரைக்கு வாடா! விமானத்துல பெட்ரோல் தீர்ந்தே மூணு மணி நேரமாச்சு." படகின் வேகம் குறைகிறது. ஆர்கிரோ கையை நீட்டுகிறாள். "அண்ணே, அந்த ஓரம் இன்னும் அசையாம கிடக்கு." ஸ்ட்ராதிஸ் படகை அந்தப் பக்கம் திருப்புகிறான்.