ழகரப் பயிற்சி

“அம்மா எலும்பு இல்லை” என்று டேப்லெட்டில் எழுத்து விழுந்ததும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது.

டெல்பின் சிரிக்கவில்லை. டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஈவாஞ்சலின் டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “நீ என்னளா சொன்ன?” என்று கேட்டார்.

“அம்மா எளும்பல டீச்சர்.”

அப்படியா சங்கதி. அதனால்தான் பிள்ளை தலை வாராமல் வந்திருக்கிறாள். புருஷன் தங்குகடல் படகில் ஏறிவிட்டால் திரும்ப நாள்கணக்கில் ஆகும். அதுவரை சில பெண்களுக்குப் பொழுதே விடியாது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

இந்தக் கடற்கரைப் பிள்ளைகளின் நாக்கில் ழகரம் ஏறவே ஏறாது. டீச்சரோ கடலுக்கு உள்ளே தள்ளி இருக்கும் நாசரேத் ஊர்க்காரர். கோயிலில் அவர் வேதம் வாசித்தால் அந்த ழகரத்துக்காகவே காது கொடுப்பார்கள்.

டேப்லெட் வந்த புதிதில், இனி நீங்கள் நடத்த வேண்டாம், கூட இருந்தால் போதும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். டீச்சர் அதைத் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டார். அதுவரை காலையில் பிள்ளைகள் மேசையை மொய்த்துக்கொண்டு, பூனை குட்டி போட்டது, அப்பா குடித்துவிட்டு வந்தது, வலை கிழிந்தது என்று அவர் உயிரை வாங்குவார்கள். இப்போது யார் வாயைத் திறந்தாலும் டேப்லெட்டிடம் போய்ச் சொல் என்று அனுப்பிவிடுவார். அதுவும் ‘உங்கள் வீட்டில் என்ன நடந்தது?’ என்று தினமும் கேட்கும். பிள்ளை சொல்வதை எழுத்தாக்கிக் காட்டும். பிழையில்லாமல் சொன்னால் நட்சத்திரம் கொடுக்கும். யாருக்கும் தொண்டை வலிப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான்.

டெல்பின் குடும்பம் வேம்பாரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. உப்பளத்துப் பக்கம் தனியாக ஒரு வீடு. பள்ளிக்கூடத்திலும் யாரோடும் ஒட்டமாட்டாள். வகுப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்காதவள் அவள் ஒருத்திதான்.

நாளைக்கு அதிகாரி பார்வையிட வருகிறார்.

டீச்சர் அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். நாக்கு நுனியை மேலே மடிக்கச் சொன்னார். ‘எளும்பல’ என்று சொல்லக் கூடாது, ‘எழும்பவில்லை’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும் என்றார்.

டெல்பின் சொன்னாள். எலும்பு என்றே விழுந்தது.

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் எலும்பு.

பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. அழுதால் ழகரம் வராது என்று அன்பாகவே சொன்னார்.

டெல்பின் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். டேப்லெட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னாள்.

“என் அம்மா எழும்பவில்லை.”

டேப்லெட் பாட்டுப் பாடியது. திரை நிறைய நட்சத்திரங்கள் சுற்றின. வகுப்பே கைதட்டியது.

டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது. இயந்திரத்தால் ஆகாததைத் தான் செய்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. கலைந்த தலையோடு அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார்.

டெல்பின் திரையைப் பார்க்கவில்லை. டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்தாள்.

“இப்பம் சரியாச் சொல்லிட்டேம்லா, வாங்க டீச்சர். நேத்தே சொல்லத்தான் வந்தேன். கரண்டு இல்லன்னு நீங்க டேப்லெட்டு தரல.”