பதினோராவது கடிதம்

"அந்த ஆளுக்கு வேற வேலைவெட்டியே இல்லையா?"

வந்ததும் வராததுமாகப் பையை நாற்காலியில் எறிந்தார் அவர். தையல் மெஷின் கம்பெனியில் உபயோகக் கையேடு தயாரிக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைமை.

"யாருக்கு?" என்றாள் மனைவி, மெஷினில் நூல் கோத்தபடி.

"முதலாளிக்கு லெட்டர் போட்டே என் உயிரை வாங்குறானே, அந்தக் கஸ்டமருக்கு! இன்னிக்குப் பதினோராவது. வாசிச்சுக் காட்டினாரு. போட்டோல நூல் எந்த வழியா போகுதுன்னே தெரியலையாம். கோட்டுப் படமா வரைஞ்சு, நூலை மட்டும் சிவப்புல காட்டணுமாம்."

"சரியாத்தானே இருக்கு?"

"படத்தையெல்லாம் கடைசிப் பக்கத்துல குவிக்கக் கூடாதாம். அந்தந்த வரிக்குப் பக்கத்துலயே வைக்கணுமாம். எனக்கே பாடம் எடுக்கிறான்!"

"முதலாளி என்ன சொல்றாரு?"

"தலையில தூக்கி வெச்சு ஆடுறாரு. கூப்பிட்டு வேலையே குடுத்துட்டாரு! இனிமே அவன் சரின்னாத்தான் எந்தப் படமும் அச்சுக்குப் போகுமாம். பேரைக் கேட்டா, 'நாளைக்கு நேர்லயே பாருங்க'ன்னு சிரிக்கிறாரு. ரிட்டயர்டு இன்ஜினியரா இருக்கும்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மேல இருக்கிற அந்த இன்னொரு ஹெல்மெட்டை எடுத்துத் துடைச்சு வைங்க."

"எதுக்கு?"

"ரெண்டு வருஷமா வீட்ல சொன்னேன், நீங்க காதுலயே வாங்கலை. அதான் எழுதிப் போட்டேன். காலையில சீக்கிரம் கிளம்புங்க. முதல் நாளே லேட்டா வந்தா நம்ம முதலாளி என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"