தெரிந்தவர் கையெழுத்து

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த வங்கியில், மேனேஜரிடம் அருளானந்தம் மெல்லச் சொன்னார்.

“மில்லுல இனி சம்பளம் பேங்க்லதான் போடுவாங்களாம். எந்த பேங்க்னு நாமே சொல்லலாமாம், ரெண்டு பேங்க்ல பிரிச்சும் போடுவாங்களாம். பழைய கணக்கோட பாஸ்புக் வீட்டுக்காரி கையில இருக்குது. பாதிச் சம்பளம் இங்க வரட்டும் சார். அவளுக்குத் தெரியக்கூடாது.”

“தாராளமா. ஆனா இங்க கணக்கு வச்சிருக்கிற யாராவது, உங்களை நல்லாத் தெரியும்னு கையெழுத்துப் போடணும்.”

“எனக்கு இங்க யாரையும் தெரியாதே.”

மேனேஜர் அவர் விலாசத்தைப் படித்தார்.

“மாதாகோயில் தெருவா? கவுண்டர்ல நிக்கிற அம்மாவும் அங்கதான். வெளிய மூச்சு விட மாட்டாங்க. இங்க கணக்கு இருக்கிறதைப் புருசனுக்கே சொல்லலைன்னா பாத்துக்குங்க. ஏம்மா, இவரைத் தெரியுமா?”

அந்த அம்மாள் திரும்பினாள்.

“தெரியும்னுதான் சார் நெனச்சிட்டிருந்தேன்,” என்றாள் அருளானந்தத்தின் மனைவி.