உதவி எண்

கடைகளுக்கான பில் செயலியைத் தனியாளாக எழுதி இணையத்தில் விற்றுவந்தான் சிவநேசன். வாடிக்கையாளர்கள் பெருகியதும் உதவி எண்ணில் தன் குரலிலேயே பேசும் ஏஐ ஒன்றை வைத்துவிட்டான். அது தானாகவே எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. அவனே பேசுவதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். அவனோ வீட்டிலிருந்து அழைத்தால்கூட எடுப்பதில்லை.

அப்பா அரியநாயகத்தை எரித்துவிட்டுச் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது, தங்கை கோமளா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னைய என்னமோன்னு நெனச்சிருந்தேன் அண்ணே. தெனமும் அப்பாகிட்ட அவ்ளோ நேரம் பேசியிருக்க. நம்ம கடையில பில் வரலைன்னு சாக்குச் சொல்லி ஒன் ஆபீஸ் நம்பருக்குத்தான் போடுவாரு. 'பக்கத்துல ஆளு இருக்கும்போல, என்னையவே சார்ங்கிறான்'னு சிரிப்பாரு. கடைசியா ஒன்கிட்ட என்ன சொன்னாரு?"

சிவநேசன் கொல்லைப்புறம் போய், தன் உதவி எண்ணை அழைத்தான்.

"அரியநாயகம்னு ஒருத்தர் தெனமும் பேசுவாரே, கடைசியா என்ன சொன்னாரு?"

அவனுடைய குரல் கனிவாகப் பதில் சொன்னது.

"மன்னிக்கணும் சார். அவர் பேசினதை வெளியாளுங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்க அவருக்கு யாரு?"